ஏழு மணிக்குத் தானாக அணையும்

லாண்ட்ரி அக்காவைப் பற்றி யாரிடம் கேட்டாலும் முதலில் 'ப்ச்' என்பார்கள், பிறகு 'பாவம்' என்பார்கள். அந்தப் 'பாவம்' என்கிற சொல்லை வைத்தே அவள் பாதி ஆயுளை ஓட்டிவிட்டாள். கட்டினவன் சரியில்லை, பெற்ற பெண் பக்கத்தில் இல்லை, ஆனாலும் முகம் சுளிக்காமல் வேலைக்கு வருகிறாள், பாவம். ஊரே ஒருத்தியைப் பாவம் என்று சொல்லிக்கொண்டிருந்தால், அவள் என்ன செய்தாலும் யாருக்கும் சந்தேகம் வராது. அவளுக்கும் இது தெரியும்.

அவள் வேலை பார்ப்பது பெரிய ஹோட்டல் ஒன்றின் சலவைப் பகுதியில். கட்டடத்துக்கு அடியில், ஜன்னலே இல்லாத நீளமான கூடம். ஒரு பக்கம் துவைக்கிற டிரம்கள், எதிர்ப்பக்கம் உலர்த்துகிற டிரம்கள், நடுவில் விரிப்புகளை இழுத்துத் தேய்த்து அந்தப் பக்கம் தள்ளுகிற சூடான உருளை. விரிப்பு மடிக்கிறவளாகச் சேர்ந்தவள் இப்போது காலை ஷிஃப்டுக்கு மேற்பார்வை. வெந்நீரும் சோப்பும் பட்டுப் பட்டு விரல் நுனிகள் வழவழவென்று தேய்ந்துபோய், ஃபோனின் பூட்டு அவள் ரேகையை ஏற்றுக்கொள்வதில்லை. எண்ணைத் தட்டித்தான் திறக்க வேண்டும்.

அந்தக் கூடத்தில் எங்கும் எழுதிவைக்காத சட்டம் ஒன்று உண்டு. விரிப்பு கருகினாலும் சரி, துண்டு காணாமல் போனாலும் சரி, யாரோ ஒரு விருந்தாளியின் கம்பளிச் சட்டை பொம்மைக்குப் போடுகிற அளவுக்குச் சுருங்கிப்போனாலும் சரி, மேலேயிருந்து ஆள் வந்து கேட்டால் எல்லா வாயும் ஒரே பதிலைத்தான் சொல்லும்: "மிஷின் கோளாறு சார்." மிஷினுக்குச் சம்பளம் பிடிக்க முடியாது, மிஷினை வேலையைவிட்டுத் தூக்க முடியாது, மிஷின் எதிர்த்துப் பேசாது. புதிதாக வருகிறவர்களுக்கு லாண்ட்ரி அக்கா முதல் நாளே சொல்லிக்கொடுக்கிற பாடம் இதுதான். சோப்பு எவ்வளவு போடுவது என்பதெல்லாம் அடுத்த நாள்.

அவள் புருஷன் பஸ் டெப்போவில் டைம் கீப்பராக இருந்தவர். ஊதி ஊதியே 'விசில்' என்று பெயர் நிலைத்துவிட்டது. அவர் ஊதினால் பஸ் நகர வேண்டும். பிள்ளையைச் சுமந்துகொண்டு ஒருத்தி படியில் ஒரு காலும் தரையில் ஒரு காலுமாக நின்றால்கூட நகர வேண்டும். ஒருமுறை டெப்போ மேலாளரே மூச்சு வாங்க ஓடி வந்தபோதும் ஊதி அனுப்பிவிட்டதாக, வருகிறவர் போகிறவரிடமெல்லாம் பெருமையடித்துக்கொள்வார். டெப்போவில் அதற்கு நேர்மை என்று பெயர். வீட்டில் இருந்தவர்களை யாரும் கேட்கவில்லை.

வீட்டில் விசில் கிடையாது, வாய்தான். ராத்திரி ஒன்பது மணி ஆனால் ரேடியோ பாட்டு பாதியில் நிற்கும், விளக்கு அணையும், பெண்டாட்டி பேசிக்கொண்டிருந்த பேச்சு பாதியில் நிற்கும். "போதும், கடையைக் கட்டு" என்பார். அவ்வளவுதான். குடிக்கிறவர் இல்லை, கை நீட்டுகிறவர் இல்லை. வெளியே போய்ச் சொன்னால் இதெல்லாம் ஒரு குறையா என்று நம்மையே திருப்பிக் கேட்பார்கள். கல்யாணமான புதிதில் ஒரு நாள், அவளுடைய அம்மா இறந்துபோன செய்தியை அண்ணன் ஃபோனில் சொல்லி அழுதுகொண்டிருந்தான். இவளும் இந்தப் பக்கம் அழுதுகொண்டிருந்தாள். மணி ஒன்பது ஆயிற்று. விசில் எழுந்து வந்து ஃபோன் ஒயரைச் சுவரிலிருந்து பிடுங்கினார்.

"செத்தவங்க காலைலயும் செத்துத்தான் இருப்பாங்க. போதும், கடையைக் கட்டு."

அன்றைக்கு அவள் விழுங்கினது இன்னும் தொண்டையைத் தாண்டவில்லை.

அவர்களுக்கு ஒரே பெண். வீட்டில் பாப்பா என்றுதான் கூப்பிடுவார்கள். கல்லூரி முடித்து ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஒரு நாள் கடையில் சரக்கு வந்து இறங்கியதால் வீடு திரும்ப ஒன்பது தாண்டிவிட்டது. விசில் கதவைத் தாழ் போட்டு, நாற்காலியை அதற்கு எதிரே இழுத்துப்போட்டு உட்கார்ந்துகொண்டார். வெளியே நல்ல மழை. பாப்பா தட்டினாள், கூப்பிட்டாள், கெஞ்சினாள். லாண்ட்ரி அக்கா அடுப்படியில் நின்றுகொண்டிருந்தாள். கொஞ்ச நேரத்தில் தட்டுகிற சத்தம் நின்றுபோயிற்று. அன்றைக்குத் தோழி வீட்டுக்குப் போனவள், அப்படியே வேறு ஊருக்குப் போய், அங்கே ஒரு கண்ணாடிக் கடையில் கண் அளவு பார்க்கிற வேலையில் சேர்ந்துவிட்டாள். அந்த வாசலை அதற்குப் பிறகு அவள் மிதிக்கவில்லை.

ஆனால் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் அம்மாவைக் கூப்பிடுவாள். அவள் விட்டுப்போன பழைய கம்ப்யூட்டரில் முகம் பார்த்துப் பேசுவார்கள். விசில் பக்கத்து அறையில் செய்தித்தாளைப் பிரித்து வைத்துக்கொண்டு ஒரே பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார். அவரைப் பற்றி இவர்களும் பேச மாட்டார்கள். லாண்ட்ரி அக்காவின் வாரம் முழுக்க அந்த ஒரு சாயங்காலத்துக்காகத்தான் ஓடியது. பெண்ணுக்கு அப்பா ஆகாது, ஆகவே பெண் முழுக்க முழுக்கத் தனக்கு. அவள் வாழ்க்கையில் யாரோடும் பங்கு போட்டுக்கொள்ளாமல் கிடைத்த ஒரே பொருள் அதுதான்.

ஓய்வு பெற்ற பிறகு விசில் ஒரு நாள் குளியலறையில் விழுந்தார். வலது கையும் காலும் போயின, நாக்கும் போயிற்று. "புத்தி தெளிவா இருக்கும்மா. பேச்சுதான் வராது" என்றார் டாக்டர். லாண்ட்ரி அக்கா அவரை நன்றாகவே பார்த்துக்கொண்டாள் என்று சொல்லத்தான் வேண்டும். ஆளைப் புரட்டாமலே அடியில் விரிப்பு மாற்றத் தெரிந்த கை. உடம்பில் ஒரு புண் வரவில்லை, அறையில் ஒரு வாடை இல்லை. பார்க்க வந்தவர்கள் எல்லாரும் "இப்படி ஒருத்திக்கு இப்படி ஒரு தலையெழுத்தா, பாவம்" என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

அப்பா விழுந்துவிட்டார் என்றதும் பாப்பாவின் குரல் கொஞ்சம் இளகிற்று. முதலில் "எப்படி இருக்கார்?" என்று மட்டும் கேட்டாள். பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, "கம்ப்யூட்டர் முன்னாடி உக்கார வையேன். இடது கை வேலை செய்யுதுல்ல? எழுத்தைத் தட்டட்டும், நான் இங்க படிச்சுக்கறேன்" என்றாள்.

லாண்ட்ரி அக்கா அவரைச் சக்கர நாற்காலியில் தள்ளி வந்து உட்காரவைத்தாள். விசில் பெண்ணின் முகத்தைத் திரையில் பார்த்தார். பிறகு இடது ஆள்காட்டி விரலை நீட்டி, எந்த எழுத்து எங்கே இருக்கிறது என்று தேடித் தேடித் தட்டினார். ஒரு எழுத்துக்கும் அடுத்த எழுத்துக்கும் நடுவில் அவள் போய் அடுப்பைப் பார்த்துவிட்டு வரலாம். கடைசியில் திரையில் இப்படி நின்றது: 'பாப்பா நான் அன்னிக்கு செஞ்சது'. அதற்கு மேல் கை ஓடவில்லை, ஆள் ஓய்ந்துவிட்டார். தலை தொங்கிப்போயிற்று.

லாண்ட்ரி அக்கா திரையில் பாப்பாவின் முகத்தைப் பார்த்தாள். வாய் கொஞ்சம் திறந்திருக்க, கண் கலங்கியிருக்க, அடுத்த வார்த்தைக்காகப் பெண் அப்படியே காத்துக்கொண்டிருந்தாள். தன்னோடு பேசின எந்த ஞாயிற்றுக்கிழமையிலும் அந்த முகத்தை அம்மா பார்த்ததில்லை.

இன்னும் ஒரு வார்த்தைதானே பாக்கி? 'தப்பு.' ஒற்றை விரலால் அதை அடித்துவிட்டால் முடிந்தது. பாப்பா விம்முவாள், மன்னிப்பாள், அடுத்த பஸ்ஸிலேயே ஏறி வந்து அப்பாவின் காலடியில் உட்காருவாள். ஆயுசு முழுக்க வாயை மூடவைத்தவருக்கு ஒரே வார்த்தையில் எல்லாம் தீர்ந்துவிடும். அப்போது இவள் பட்டதெல்லாம்? ஒயரைப் பிடுங்கின அன்றைக்கு இவள் அழுத மிச்ச அழுகை? அதை யார் மன்னிப்பது, யாரைக் கேட்டு மன்னிப்பது? அன்றைக்கு அவள் அவருக்குக் கஞ்சி ஊட்டியபோது கரண்டி பல்லில் இடித்தது.

மறுநாள் வேலை முடிந்ததும் கம்ப்யூட்டர் பெட்டியைப் பெரிய தலையணை உறையில் போட்டு எடுத்துக்கொண்டு, பக்கத்துத் தெரு ரிப்பேர்க்காரரிடம் போனாள். பேச்சுக்கு ஒரு இருமல் இருமுகிற மனுஷன்.

"இது தானா அணையற மாதிரி வெக்க முடியுமாங்க?"

"ஏன் முடியாது? தினமுமா, வாரத்துல ஒரு நாளா?"

"ஞாயித்துக்கிழமை மட்டும். சாயந்திரம் ஏழு மணிக்கு."

"வீட்டுல பசங்க எழுந்திரிக்காம விளையாடுதா?"

"ஆமாங்க. சொன்னா கேக்கவே மாட்டேங்குது" என்றாள் லாண்ட்ரி அக்கா. கண்கூடச் சிமிட்டவில்லை.

ரிப்பேர்க்காரர் தட்டிக்கொண்டே சொன்னார்: "பொசுக்குனு அணையாது. ஒரு நிமிஷம் முன்னாடி திரையில ஒரு கட்டம் வரும், அணையப் போகுதுன்னு. அதுல நம்ம இஷ்டத்துக்கு நாலு வார்த்தை எழுதிக்கலாம். 'போய்ப் படி'ன்னு போட்டுடட்டுமா?"

இந்த யோசனை அவள் கொண்டுவந்ததே இல்லை. அதுவாக மடியில் வந்து விழுந்தது.

"'போதும், கடையைக் கட்டு'ன்னு போடுங்க."

"அட, நல்லா இருக்கே!" ரிப்பேர்க்காரர் சிரித்து, சிரிப்பு இருமலாகி, கண்ணைத் துடைத்துக்கொண்டார். "இங்க பாருங்க, ஓரத்துல சிவப்பா ஒரு வட்டம் வெச்சிருக்கேன். அவசர வேலைன்னா, கட்டம் வந்ததும் இதை ரெண்டு தட்டுத் தட்டுங்க. அணையாம நின்னுடும்."

பிளக்கைப் பிடுங்கினால் போதாதா என்று கேட்கலாம். போதாது. பிளக்கைப் பிடுங்கினால் அது லாண்ட்ரி அக்கா செய்தது ஆகிவிடும். தானாக அணைந்தால் மிஷின் செய்தது. அந்தக் கட்டமும் இந்தத் திரையில்தான் வரும், அந்தப் பக்கம் பாப்பாவுக்குத் தெரியாது. அவருக்குத் தெரிய வேண்டும், அவளுக்குத் தெரியக் கூடாது. ஆள் வைத்துத் தைத்தாலும் இவ்வளவு அளவாக அமையாது.

ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் கடையைச் சீக்கிரம் மூடுவார்கள்; அந்த ஞாயிறும் மூடிவிட்டு பாப்பா கூப்பிட்டாள். அம்மாவும் பெண்ணும் முதலில் பேசினார்கள். லாண்ட்ரி அக்கா ஊர்க்கதை உலகக்கதையெல்லாம் இழுத்து நீட்டினாள். பிறகு விசிலின் முறை. பாப்பா, நான், அன்னிக்கு என்று விரல் நகர்ந்தது. 'செஞ்சது' முடிந்து விரல் அடுத்த எழுத்தைத் தேடியபோது திரையின் நடுவில் கட்டம் வந்து நின்றது.

போதும், கடையைக் கட்டு.

விசில் அதைப் படித்தார். ஒருமுறை படித்தார், மறுபடியும் படித்தார். கழுத்தை மெல்லத் திருப்பி, பின்னால் நிற்கிறவளைப் பார்த்தார். அவள் முந்தானையால் அவர் மோவாயில் வழிந்ததைத் துடைத்துவிட்டு, "அவசரப்படாதீங்க, நிதானமா அடிங்க" என்றாள். அவர் அவசரப்பட்டார். விரல் தப்புத் தப்பான எழுத்தில் விழுந்தது, அழித்தார், மறுபடியும் விழுந்தது. திரை கறுத்தது. பாப்பாவின் முகமும் அதோடு போயிற்று.

"மிஷின் கோளாறு பாப்பா" என்றாள் லாண்ட்ரி அக்கா ஃபோனில். "பழசுல்ல, சூடாயிடுது. இனி நாளைக்குத்தான் எழுந்திரிக்கும்."

அடித்து வைத்த எழுத்தெல்லாம் அணைந்ததோடு அழிந்துவிடும். பாதியிலிருந்து தொடர்கிற ஆளும் இல்லை விசில், அடுத்த ஞாயிறு முதலிலிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும். அவரும் ஆரம்பித்தார். ஒவ்வொரு வாரமும் அதே நான்கு வார்த்தை, அதே கட்டம். ஓடுகிற விரலைப் பின்னால் நின்று பார்க்கிற அந்த ஒரு நிமிஷம் லாண்ட்ரி அக்காவுக்கு இனித்தது. பூசி மெழுகுவானேன், இனிக்கத்தான் செய்தது. அதற்காகக் கையில் காப்பி டம்ளரோடு வந்து நிற்பாள். ஒரு வாரம் அவர் வேகம் பழகி, 'செஞ்சது'க்கு அப்புறமும் ஒரு எழுத்து அடித்துவிட்டார். மறுநாள் அவள் ரிப்பேர்க்காரரிடம் போய் நேரத்தைக் கொஞ்சம் முன்னால் தள்ளிவைத்துக்கொண்டு வந்தாள். அவளுக்கு ஈவிரக்கம் இல்லையா என்றால், இருந்தது. அதெல்லாம் திங்கள் முதல் சனி வரைக்கும். அந்த நாட்களில் அவருக்குச் சூடாக வெந்நீர், மெத்தென்ற துண்டு, வேளாவேளைக்கு மருந்து.

பாப்பாவுக்குத்தான் பொறுக்கவில்லை. "என்னமோ சொல்ல வராரும்மா. ஒவ்வொரு தடவையும் அதே இடத்துல போயிடுது. எனக்கு ராத்திரி தூக்கமே வரல" என்றாள். தன் காசில் ஒரு புதுக் கம்ப்யூட்டர் வாங்கி அனுப்பிவைத்தாள். அதுவும் தலையணை உறைக்குள் நுழைந்து ரிப்பேர்க்காரர் கடைக்குப் போய் வந்தது. ஞாயிற்றுக்கிழமை அதுவும் அணைந்தது.

"புதுசுமா அணையுது?" பாப்பா நம்ப முடியாமல் கேட்டாள். பிறகு லாண்ட்ரி அக்கா எதிர்பார்க்காததைச் சொன்னாள். "அடுத்த ஞாயித்துக்கிழமை நானே வரேம்மா."

சனிக்கிழமை சாயங்காலம் ரிப்பேர்க்காரர் கடைக்கு ஓடினாள். கடை பூட்டியிருந்தது. இருமல் அதிகமாகி மகன் வீட்டுக்குப் போயிருக்கிறார் என்றார்கள். அணைகிறதை எடுத்துவிட அவளுக்குத் தெரியாது. சிவப்பு வட்டத்தைத் தட்ட மட்டும்தான் தெரியும். சரி, அணைந்தால் அணையட்டும், அந்த நேரம் பார்த்துப் பெண்ணைச் சாப்பிட உட்காரவைத்துவிட வேண்டியது, நாம் போய்த் திரையை மறைத்துக்கொண்டு நின்றுவிட வேண்டியது, அப்புறம் மிஷின்மேல் பழி என்று கணக்குப் போட்டாள்.

பாப்பா வந்தாள். வாசலில் கொஞ்ச நேரம் நின்று, கதவையே பார்த்துவிட்டு உள்ளே வந்தாள். அப்பா முன்னால் போய் மண்டியிட்டு, "இளைச்சுட்டீங்களேப்பா" என்றாள். விசிலின் இடது கை அவள் தலைமேல் போய் விழுந்தது. லாண்ட்ரி அக்கா அடுப்படிக்குள் போய்ப் பாத்திரத்தை நங்கென்று வைத்தாள்.

மத்தியானம் முழுக்க பாப்பா கம்ப்யூட்டரோடு மல்லுக்கட்டினாள். "அப்பாவுக்காக ஒண்ணு கொண்டுவந்திருக்கேன்" என்று அதில் எதையோ ஏற்றினாள். "இனிமே அவர் தட்டினா கம்ப்யூட்டரே வாய்விட்டுப் பேசும்மா. ஆம்பளைக் குரல். கேளேன்." விசில் தட்டினார். கம்ப்யூட்டர் "பாப்பா" என்றது. ஏற்ற இறக்கம் இல்லாத தட்டையான குரல்தான். ஆனாலும் பாப்பா வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

அவர் தட்டுகிறதை மட்டும்தான் அது படிக்கும் என்று லாண்ட்ரி அக்கா நினைத்துக்கொண்டாள். விருந்தாளியின் சட்டையை லேபிள் பார்க்காமல் டிரம்மில் போட்ட கதையாயிற்று.

மணி நெருங்கியதும், "வெயில்ல வந்தவ, எதுவும் சாப்பிடல. வா, ரெண்டு வாய் சாப்பிட்டுட்டு வந்து உக்காரு. அப்பா தட்டறதுக்குள்ள வந்துடலாம்" என்று பெண்ணைக் கையைப் பிடித்து இழுத்துப்போய்த் தட்டு முன்னால் உட்காரவைத்தாள். தண்ணீர் எடுக்கிற சாக்கில் வெளியே வந்து, திரையை மறைத்தபடி விசிலுக்குப் பின்னால் நின்றுகொண்டாள்.

"பாப்பா" என்றது தட்டைக் குரல். "நான்" என்றது. "அன்னிக்கு" என்றது. அடுப்படியில் பாப்பா சாப்பிடுவதை நிறுத்திவிட்டாள் என்பது சத்தம் இல்லாததிலிருந்தே தெரிந்தது. "செஞ்சது" என்றது. கட்டம் வந்தது. அதே குரல், மூச்சுகூட விடாமல் உரக்கச் சொல்லிற்று:

"போதும், கடையைக் கட்டு."

பாப்பா எச்சில் கையோடு ஓடி வந்தாள். முகம் சிவந்திருந்தது.

"இதைச் சொல்லத்தானா? இத்தனை மாசமா இதைச் சொல்லத்தானா தட்டிக்கிட்டிருந்தீங்க?"

விசில் தலையை இல்லை, இல்லை என்று ஆட்டினார். தொண்டையிலிருந்து ஏதோ சத்தம் வந்தது. லாண்ட்ரி அக்காவுக்கு ஒரு கணம் ஒன்றும் புரியவில்லை. மறுகணம் புரிந்துவிட்டது. இப்படிக்கூட ஒரு அதிர்ஷ்டம் வருமா!

"நான் என்ன சொல்றது பாப்பா? மாறவே மாட்டார். படுக்கைல விழுந்தும் அந்தப் புத்தி போகல பாரு" என்றாள்.

அதோடு நிறுத்தியிருக்கலாம். பெண்ணை அணைத்துக்கொள்ளப் போகிற மும்முரத்தில் திரையை விட்டு நகர்ந்துவிட்டாள். பாப்பா வேலை பார்ப்பது கண்ணாடிக் கடையில், பொடி எழுத்தைப் படிப்பதுதான் அவள் பிழைப்பே. கட்டத்தைப் பார்த்தாள். 'ஒரு நிமிடத்தில் கணினி அணைந்துவிடும்' என்று குரல் படிக்காமல் விட்ட பொடி எழுத்து மேலே, அந்த மூன்று வார்த்தை கீழே.

"இதை யார் எழுதினது?"

விசில் இடது கையைத் தூக்கினார். அத்தனை ஞாயிற்றுக்கிழமைகளும் எழுத்தைத் தேடித் தடுமாறின அந்த விரல், இப்போது தடுமாறாமல் பெண்டாட்டியைப் பார்த்து நீண்டது.

"அம்மா, நிறுத்து. எப்படி நிறுத்தறது? சொல்லும்மா, அணையப் போகுது! எங்க இருக்கு?" பாப்பா திரை முழுக்கத் தேடினாள். சிவப்பு வட்டம் ஓரத்தில் இருந்தது. லாண்ட்ரி அக்காவின் கைக்கு எட்டுகிற தூரம்தான். தட்டினால் தனக்குத் தெரியும் என்று ஆகிவிடும். தெரியும் என்றால் எல்லாமே தெரியும் என்று ஆகிவிடும்.

"எனக்கு என்ன தெரியும் பாப்பா? மிஷினு…"

திரை கறுத்தது.

பாப்பா கையைக் கழுவிக்கொண்டு வந்தாள். அழவில்லை, கத்தவில்லை. அம்மாவுக்கு எதிரே நின்று, பொடி எழுத்தைப் படிக்கிற மாதிரி அவள் முகத்தைப் பார்த்தாள்.

"அன்னிக்கு நான் முன்பக்கம் மட்டும் தட்டலம்மா. பின்பக்கமும் வந்தேன். அடுப்படிக் கதவையும் தட்டினேன். நீ உள்ள நிக்கறது ஜன்னல் வழியா தெரிஞ்சுது. தாழ்ப்பாள் உன் கைக்கிட்டதான் இருந்துச்சு. அப்பாவுக்குப் பயந்துட்டேன்னு நானே எனக்குச் சொல்லிக்கிட்டேன். இத்தனை வருஷமும் அப்படித்தான் நினைச்சுக்கிட்டிருந்தேன்."

"பயந்துதான் பாப்பா…"

"இன்னிக்கு யாருக்குப் பயந்த?"

லாண்ட்ரி அக்கா கறுத்த திரையை முந்தானையால் துடைத்தாள்.

"அப்பா எதை நிறுத்தினாலும் மூஞ்சிக்கு நேரா சொல்லிட்டுத்தான் நிறுத்துவார். நீ பின்னாடி நின்னுக்கிட்டு, வாயில்லாத மனுஷனை…" என்றவள் முடிக்காமல் அப்பாவின் துணிமணிகளை எடுத்துவைக்கப் போய்விட்டாள்.

மறுநாள் காலை ஒரு வேன் வந்தது. சக்கர நாற்காலியை ஏற்றினார்கள், புதுக் கம்ப்யூட்டரை ஏற்றினார்கள். துவைத்துத் தேய்த்த விரிப்புகளை லாண்ட்ரி அக்கா ஓடி ஓடி எடுத்து வந்தாள். "அங்க இருக்கு" என்றாள் பாப்பா. ஒரு வார்த்தை சொன்னால் பெண் மன்னித்துவிடுவாள் என்று பயந்துதானே அவரைச் சொல்லவிடாமல் வைத்திருந்தாள்? அவர் சொல்லாமலே மன்னிப்பை வாங்கிக்கொண்டு போய்விட்டார். வாங்கிக்கொடுத்தது இவள்.

வேலையிடத்தில் கேட்டவர்களிடம், "பொண்ணு கூட்டிட்டுப் போயிட்டா, என்னால தூக்க முடியலன்னு" என்றாள். "பாவம், இனிமேலாவது நிம்மதியா இரு" என்றார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை போயிற்று, இன்னொன்று போயிற்று, ஃபோன் வரவில்லை. அடுத்த ஞாயிறு சாயங்காலம்தான் ஃபோன் அடித்தது. பாப்பாவின் குரலில் உயிரே இல்லை.

"முடிச்சுட்டாரும்மா."

லாண்ட்ரி அக்கா அப்படியே கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள். "யாரு? அப்பாவா? போயிட்டாரா?"

"எழுதி முடிச்சுட்டார். தானா அணையறதை நான் எடுத்துட்டேன், இங்கதான் எதுவும் அணையறதில்லையே. உக்கார வெச்சேன், அவர் பாட்டுக்குத் தட்டினார். படிக்கறேன் கேளு." பாப்பா ஒவ்வொரு வார்த்தையாகப் படித்தாள். "'பாப்பா நான் அன்னிக்கு செஞ்சது சரிதான். கதவைத் திறந்திருந்தா நீ கெட்டுப்போயிருப்ப.'"

லாண்ட்ரி அக்காவின் உடம்பில் புது ரத்தம் ஓடிற்று. எழுந்து நின்றாள். சந்தோஷம் தாங்காமல் குரல் கீச்சிட்டது. "பாத்தியா? பாத்தியா பாப்பா? அவர் யாருன்னு இப்பவாவது தெரிஞ்சுதா? கொண்டுவந்து இங்கயே விட்டுடு. நான் பாத்துக்கறேன். நீயும் இங்கயே வந்துடு."

"உன்கிட்ட அவரை விட மாட்டேன்" என்றாள் பாப்பா. "பிடிக்குதோ பிடிக்கலையோ, கடைசிவரைக்கும் நானே பாத்துக்கறேன். உன்கிட்ட ஒண்ணு சொல்லத்தான் கூப்பிட்டேன். இதைக் கேக்கத்தானே நான் அத்தனை ஞாயித்துக்கிழமையும் காத்துக்கிட்டிருந்தேன்? நீ ஒரே ஒரு வாரம் அவரை முடிக்க விட்டிருந்தா, அன்னிக்கே அவரை விட்டுட்டு உன்னைக் கூட்டிட்டு வந்திருப்பேம்மா. உனக்குன்னு இங்க ஒரு ரூம்கூடப் பாத்து வெச்சிருந்தேன்."

லாண்ட்ரி அக்கா வாயைத் திறந்தாள். மிஷின் என்று ஆரம்பித்தாள், அதை விழுங்கினாள். பயம் என்று ஆரம்பித்தாள், அதையும் விழுங்கினாள். கடைசியில், எல்லா ஞாயிற்றுக்கிழமையும் கேட்கிற மாதிரி, "சாப்பிட்டியா பாப்பா?" என்று கேட்டாள்.

பாப்பா அதற்கு முன்னாலேயே ஃபோனை வைத்துவிட்டிருந்தாள்.